முப்பத்தோரு வருடச் சித்தி மகள்

தபால்பெட்டியின் மூடி அன்று மூடவில்லை. ஒரே அளவில், ஒரே வெள்ளை நிறத்தில், ஒரே முத்திரையோடு நாற்பத்தொரு கடிதங்கள். பெட்டியில் திணித்தது போக மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு தபால்காரர் படியேறி வந்துவிட்டார்.

“என்ன பண்ணீங்க மிஸ் வெர்டெல்? தேர்தல் ஆபீஸே உங்க வீட்டுக்குக் குடிவந்துடுச்சா?”

வெர்டெல் காஸ்கின் சிரிக்கவில்லை. உறைகளின் மேலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் தெரிந்த பெயர்கள். பாதிப் பேரைப் பிள்ளைகளாகப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியவள் அவள். வருகிற தபாலைப் பிரித்துப் படித்துப் போனில் சொல்லும்படி அவர்களே அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிரித்தாள். எல்லாவற்றிலும் ஒரே வாசகம். உங்கள் ஓட்டுரிமையை எதிர்த்து இவ்வூர்க் குடிமகன் ஒருவர் ஆட்சேபம் தாக்கல் செய்திருக்கிறார். விசாரணையில் குடியிருப்பை நிரூபிக்காவிட்டால் நீங்கள் இம்மாதம் போட்ட ஓட்டு தள்ளுபடியாகும்.

வெர்டெல் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்ட லட்ரீஸ் ப்ரூவிட் இம்முறை நகரசபைத் தேர்தலில் ஜெயித்தது இருபத்தேழு ஓட்டு வித்தியாசத்தில். இங்கே நாற்பத்தொரு ஓட்டு. கணக்குப் போட வாத்தியார் தேவையில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, ஹார்லன் பெண்ட் ஊரின் மேட்டுத்தெருக்களில் நகரசபையின் நீரிறைப்பு இயந்திரங்கள் இரவு பகலாக ஓடின. மேட்டுத்தெருக்களில் இருப்பவர்கள் வெள்ளைக்காரர்கள். கறுப்பர்கள் இருக்கும் ஆற்றடியில் மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. கரையோரக் குடியிருப்பில் இருந்தவர்கள் நெடுஞ்சாலை விடுதிக்கும், உறவுக்காரர்களின் நடமாடும் வீடுகளுக்கும் போனார்கள். திரும்பி வரும் எண்ணத்தோடு போனவனுக்கு ஓட்டு சொந்த ஊரில்தான் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் இடிந்த வீட்டுக்குத் தபால் வராது. இருபத்தொன்பது வருடம் பதினாலாம் எண் பஸ்ஸை ஓட்டிய வெர்டெல் அதற்கு ஒரு பஸ் டிரைவரின் வழியைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் ஒரே நிறுத்தத்துக்கு வந்துவிடட்டும். நாற்பத்தொரு பேரின் தபாலும் தன் வீட்டு முகவரிக்கு வர ஏற்பாடு செய்தாள். தேர்தல் அலுவலகம் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டது. இவர்கள் யார், எங்கிருந்து போனார்கள், இந்த வீட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் யார், அவர்கள் என்ன உறவு. வெர்டெல் எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

அதில் ஒரு வரியை அவள் யோசிக்காமல் எழுதினாள். குடியிருப்பவர்: எர்லீன் டூமர். உறவு: சித்தி மகள்.

எர்லீன் அவளுக்குச் சித்தி மகள் இல்லை.

பள்ளிச் சமையலறையில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த எர்லீன், காலைச் சுற்று முடிந்து பஸ்ஸை நிறுத்தும் வெர்டெலுக்குப் பின்கதவு வழியாகச் சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்து முப்பத்திரண்டு வருடமாகிறது. அடுத்த வருடம் ஒரு பெட்டியோடு வெர்டெல் வீட்டுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரி வேலிக்கு மேல் தலையை நீட்டி “யாரு இது?” என்று கேட்க, வெர்டெல் வாயில் வந்தது, “மேக்கன்லேருந்து என் சித்தி மக.” அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னபோது, பாஸ்டரே அதைப் பீடத்திலிருந்து அறிவித்துவிட்டார். அதன்பிறகு ஆற்றடி முழுவதும் எர்லீன் சித்தி மகள்தான். அந்தப் பகுதியில் அப்படி எத்தனையோ சித்தி மகள்கள், பெரியப்பா மகன்கள். எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை. சொல்லாதவரைக்கும் சபையில் இடம் உண்டு, சாவு வீட்டில் சாப்பாடு உண்டு. ஒரு பொய்யை ஊரே சேர்ந்து முப்பது வருடம் பேசினால், அது பொய் என்பதே பேசுகிறவர்களுக்கு மறந்துபோகிறது. வெர்டெலுக்கு மறந்துபோயிருந்தது.

லட்ரீஸ் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதவள். நாலு வருடத்துக்கு முன், முதல்முறை தேர்தலில் நின்றபோது, சபை மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெர்டெலும் எர்லீனும் பின்னால் சமையலறையில் கீரையும் சோள ரொட்டியும் பரிமாறத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். லட்ரீஸின் குரல் மைக்கில் வந்தது. “நானும் என் மனைவியும் இங்கதான் வீடு வாங்கியிருக்கோம். எங்க வீட்லயும்தான் தண்ணி நிக்குது.”

எர்லீன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மைக்குல சொல்லிட்டா டெல்,” என்றாள் எர்லீன்.

வெர்டெலுக்குக் கோபம் வந்தது. “சொல்லித்தான் ஆகணுமா? வடிகாலைப் பத்திப் பேசிட்டு எறங்க வேண்டியதுதானே. நாம என்ன சொல்லிக்கிட்டா திரியறோம்?”

“நம்மளப் பாத்து வளந்தவதானே. பாத்தது போதும்னு இருந்திருக்கும்.”

அன்றிலிருந்து மூன்று நாள் வெர்டெல் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. நாலாம் நாள் காலை, பழைய ஓட்டுநர் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாக்காளர் பட்டியலோடு தெருவில் இறங்கினாள். பிறகு நிற்கவில்லை. வீடு வீடாகப் போனாள். கதவைச் சாத்தினவர்களிடம் சன்னல் வழியாகப் பேசினாள். “அவ யாரோட படுத்தா உனக்கென்னடா? உன் வீட்டுக் கக்கூஸ் ரொம்பி வழியுதே, அதை யாரு பாக்கறா?” லட்ரீஸ் ஜெயித்தாள். நாலு வருடத்தில் ஆற்றடிக்கு வடிகால் வந்தது, இரண்டு இயந்திரங்கள் வந்தன, இடிந்த குடியிருப்பை ஹோட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்கும் தீர்மானம் ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஒரு ஓட்டு லட்ரீஸுடையது.

இந்தத் தேர்தலில் அவளை எதிர்த்தவர்கள் வடிகாலைப் பற்றிப் பேசவே இல்லை. துண்டுப் பிரசுரத்தில் லட்ரீஸும் அவள் மனைவியும் கைகோத்து நிற்கும் படத்தைப் போட்டு, ‘உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்’ என்று அச்சடித்தார்கள். மழைத் தண்ணீருக்கும் ஒரு பெண் யாரோடு குடும்பம் நடத்துகிறாள் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அந்த ஊரில் ஒருவரிடமும் பதில் கிடையாது. பதில் இல்லாத இடத்தில்தான் வேத வசனம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடிதங்கள் வந்த அன்று வெர்டெலுக்கு வேறொன்றும் ஞாபகம் வந்தது. தேர்தல் முடிந்த வாரத்திலிருந்து எதிர்ச்சாரியில் ஒரு கருநீல வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே தொப்பி போட்ட ஒருவன். மின்வாரியத்து ஆள் என்று நினைத்து எர்லீன் ஒருநாள் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் நன்றி சொல்லி வாங்கிக் குடித்தான்.

விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது லட்ரீஸ் வந்தாள். பிரமாணப் பத்திரத்தின் நகல் அவள் கையில் இருந்தது. சமையல் மேசையில் அதை விரித்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

“மிஸ் வெர்டெல், இதை ஏன் இப்படி எழுதினீங்க?”

வெர்டெல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கழற்றினாள்.

“வேற என்ன எழுதுவேன்?”

“அவங்க வக்கீல் கார்வின் லைல். நாப்பத்தொரு பேரையும் கூண்டுல ஏத்த மாட்டான். உங்களை மட்டும் ஏத்துவான். இந்த ஒரு வரி பொய்னு காட்டிட்டா, மத்ததும் பொய்னு ஆக்கிடலாம். நீங்க போகாதீங்க.”

“நான் போகலன்னா?”

“ஓட்டு போகும். என் சீட்டும் போகும். போகட்டும்.”

“போகட்டுமா? உன் சீட்டு உங்கப்பன் வீட்டு நாற்காலியா, நீ பாட்டுக்குத் தூக்கிக் குடுக்க?” வெர்டெல் மேசையைத் தட்டினாள். “நாப்பத்தொரு பேரு விடுதியிலேருந்து லீவு போட்டு வந்து ஓட்டுப் போட்டாங்க. எல்லாத்தையும் பொய் ஓட்டுன்னு எழுதி வெச்சிடுவாங்க. அப்புறம் அந்த இடத்துல ஹோட்டல் வரும். நீ எங்க இருப்ப, நாங்க எங்க இருப்போம்?”

எர்லீன் அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “முப்பத்தோரு வருஷமா சித்தி மகளா இருக்கேன். எந்தச் சித்தின்னு கேட்டா என்ன சொல்லப்போற டெல்? ஒரு சித்தியைக் கண்டுபிடிச்சு வெச்சுக்க.”

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

மறுநாள் பாஸ்டர் ஓடம் வந்தார். பத்தொன்பது வருடமாக அவருடைய சபையில் வெள்ளைச் சீருடையும் கையுறையும் போட்டு வாசல் ஊழியம் செய்கிறவள் வெர்டெல். யார் எந்த வரிசையில் உட்கார வேண்டும், மயங்கி விழுகிறவரை யார் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அவள் கையசைவில்தான் நடக்கும். பாஸ்டர் உட்காரவில்லை.

“சிஸ்டர், அங்க என்ன கேட்டாலும் பழையதையே சொல்லுங்க. யாரும் உங்களைக் குறை சொல்லப்போறதில்ல.”

“சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா பாஸ்டர்?”

“நான் எதையும் சொல்லச் சொல்லல. என் காதுல விழ வெச்சுடாதீங்கன்னுதான் சொல்றேன். இவ்வளவு நாளா எனக்கு எதுவும் தெரியாது. தெரிஞ்சுபோச்சுன்னா வாசல்ல உங்களை நிறுத்த முடியாது. சபைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“தெரியாமத்தான் கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வாழ்த்து அட்டை அனுப்பினீங்களா?”

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

விசாரணை வெள்ளிக்கிழமை மத்தியானம் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் நடந்தது. தேர்தல் குழுவினர் ஐந்து பேர் நீள மேசையின் பின்னால். ஆட்சேபம் தாக்கல் செய்த நிலத்தரகர் முதல் வரிசையில். விடுதியிலிருந்து பதினேழு பேர் வர முடிந்தது. மற்றவர்களுக்கு வேலை. பின்வரிசையில் பாஸ்டர். லட்ரீஸ் சுவரோரமாக நின்றாள். எர்லீன் வெர்டெலின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கார்வின் லைல் குரலை உயர்த்தாத மனிதர். “உங்களைச் சிரமப்படுத்தறதுல எனக்கு இஷ்டமே இல்லம்மா. சின்னச் சின்னக் கேள்விங்கதான்.”

முதலில் ஒரு மணி நேரம் பெயர்களாகக் கேட்டார். யார் எந்த வீட்டில் இருந்தார், எப்போது போனார், எங்கே போனார். வெர்டெல் பட்டியலைப் பார்க்காமல் சொன்னாள். நாற்பத்தொரு பேருக்கும் பழைய கதவு எண், பிள்ளைகளின் பெயர், தண்ணீர் வந்த நாளில் எந்தச் சன்னல் வழியாக இறக்கினார்கள் என்பது வரை சொன்னாள். குழுவில் இருந்த ஒரு அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்ல ஞாபகசக்தி,” என்றார் லைல். “அப்ப உங்க சொந்த வீட்டைப் பத்திக் கேக்கறது சுலபம். நவம்பர் ஆறாந்தேதியிலேருந்து இருபதாந்தேதி வரைக்கும் உங்க வீட்ல தங்கினது ரெண்டே பேர். சரிங்களா?”

“ஆமா.”

“படுக்கையறை ரெண்டு. ராத்திரி வெளக்கு எரிஞ்சது ஒண்ணுலதான். பதினஞ்சு நாளும்.”

கருநீல வண்டி. எர்லீன் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே அவன் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

“மிஸ் டூமர் உங்க சித்தி மகள்னு சத்தியம் பண்ணி எழுதியிருக்கீங்க.”

“எழுதியிருக்கேன்.”

லைல் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலு பக்கத் தாள் ஒன்றை எடுத்தார். தூரத்திலிருந்தே வெர்டெலுக்கு அது தெரிந்தது. அவளுடைய சித்தி ரூபியின் அடக்க ஆராதனைத் தாள். முன்பக்கம் ஊதா நிறத் தொப்பி வைத்த படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, கடைசியில் இன்னார் இன்னாரை விட்டுச் சென்றார் என்ற பட்டியல். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டு இழுப்பறையிலும் இப்படித் தாள்கள் கட்டுக்கட்டாக இருக்கும். ஆனால் வெள்ளைக்கார வக்கீலின் கையில் இருக்காது. இதன் ஓரத்தில் இரண்டு துளைகள் இருந்தன. சபை அலுவலகக் கோப்பில் போட்டு வைத்த பிரதி. அந்த அலமாரிக்கு இரண்டே சாவிகள்.

வெர்டெல் பின்வரிசையைப் பார்த்தாள். பாஸ்டர் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க அம்மாவுக்கு ஒரே தங்கச்சிதான். அவங்களுக்குக் குழந்தை இல்லன்னு உங்க சபையே அச்சடிச்சிருக்கு. அப்ப மிஸ் டூமர் எந்தச் சித்தியோட மகம்மா?”

லட்ரீஸ் சுவரோரத்திலிருந்து தலையை இடமும் வலமுமாக அசைத்தாள். சொல்லாதீர்கள். பதில் சொல்ல மறுக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் வெர்டெல் அன்று மாலை பத்திரமாக வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கையுறை போடலாம். நாற்பத்தொரு ஓட்டு மட்டும் குப்பைக்குப் போகும்.

அவள் எர்லீனைப் பார்த்தாள். எர்லீன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்தினாள். லேசாக ஒருமுறை தலையை ஆட்டினாள்.

“எந்தச் சித்திக்கும் மகள் இல்ல,” என்றாள் வெர்டெல். “அவளும் நானும் முப்பத்தோரு வருஷமா புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரே வீட்ல குடும்பம் நடத்தறோம். ஒரு ரூமுலதான் வெளக்கு எரியும். உங்க ஆளு சரியாத்தான் பாத்திருக்கான்.”

விடுதியிலிருந்து வந்தவர்களில் யாரோ “ஆண்டவரே” என்றார்கள். திட்டியதா, தாங்கியதா என்று தெரியவில்லை.

“அப்ப நீங்க எழுதினது பொய்.”

“அந்த ஒரு வரி பொய். அதைக்கூட நான் பொய்னு நெனச்சு எழுதல. எல்லாரும் அப்படித்தான் சொல்லச் சொன்னீங்க, சொன்னோம். மத்த நாப்பத்தொண்ணும் நெசம். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேளுங்க. அவங்க வீட்டுக்குத் தண்ணி வந்தப்ப நீங்க எங்கே இருந்தீங்கன்னு அவங்களும் கேப்பாங்க.”

லைல் லேசாகத் தலைகுனிந்தார். “வேற கேள்வி இல்லம்மா. ரொம்ப நன்றி.”

குழு மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்புச் சொன்னது. எழுதுவதை நிறுத்திக் கேட்ட அந்த அம்மாளுடையது மூன்றாவது ஓட்டு. நாற்பத்தொரு ஓட்டும் செல்லும். விடுதியிலிருந்து வந்தவர்கள் எழுந்து கத்தினார்கள், நாற்காலிகள் சாய்ந்தன, லட்ரீஸ் ஓடிவந்து வெர்டெலைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக வெர்டெல் பார்த்தாள். நிலத்தரகர் கோபமாகத் தெரியவில்லை. லைல் எழுத்தரிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். தீர்ப்பின் நகலை அவர் கேட்கவில்லை. வெர்டெல் பேசியதில் கடைசி நாலு பக்கத்துக்கு மட்டும் சான்றிட்ட நகல் வேண்டும், திங்கட்கிழமை காலைக்குள் வேண்டும் என்றார்.

வெளியே படிக்கட்டில் லட்ரீஸின் முகம் மாறியிருந்தது.

“பொய்ச் சத்தியம்னு கேஸ் போடப்போறான். நீங்களே ஒத்துக்கிட்டீங்க. ஜெயில் வரைக்கும் போகலாம். உங்களைப் பாத்துட்டு இனிமே இந்த ஊர்ல எவனும் எனக்காகக் கதவு தட்ட மாட்டான். அதான் அவனுக்கு வேணும்.”

“சாட்சி யாரு?” என்று கேட்டாள் எர்லீன்.

லட்ரீஸ் அவள் பக்கம் திரும்பினாள். “ஒத்துக்கிட்டது மட்டும் போதாது, சாட்சியும் வேணும். நீங்கதான் மிஸ் எர்லீன். கூடக் குடியிருக்கறவங்க. நீங்க வந்து சொல்லித்தான் ஆகணும். மாட்டேன்னா உங்களையும் உள்ள வைப்பாங்க.”

“இவளுக்கு எதிரா நானா?”

“பொண்டாட்டியா இருந்தா கட்டாயப்படுத்த முடியாது. சட்டம் அப்படி.”

சட்டம் அனுமதித்து எத்தனையோ வருடமாகியும் வெர்டெலும் எர்லீனும் கல்யாணக் காகிதத்தை வாங்கவில்லை. சித்தி மகளைக் கல்யாணம் செய்துகொள்வதாக ஊரில் எப்படிச் சொல்வது? திருமணப் பதிவு நடப்பது அதே நீதிமன்றக் கட்டடத்தில். எர்லீன் மணியைப் பார்த்தாள். ஐந்து அடித்து ஏழு நிமிடம். பதிவு அலுவலகக் கதவைச் சாத்திவிட்டார்கள், இனி திங்கட்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமை வெர்டெல் சீருடை போட்டுக்கொண்டு சபைக்குப் போனாள். வாசலில் வேறொருத்தி வெள்ளைக் கையுறையோடு நின்றிருந்தாள். “வாங்க சிஸ்டர்,” என்று சொல்லி, புதிதாக வருகிறவர்களை உட்கார வைக்கும் வரிசையைக் கையால் காட்டினாள். வெர்டெலும் எர்லீனும் அங்கேயே உட்கார்ந்தார்கள். அந்த வரிசையில் அவர்களைத் தவிர யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகு விடுதியிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் மட்டும் எழுந்து வந்து அவர்களுக்கு நேர் முன்னாலிருந்த வரிசைக்கு இடம் மாறிக்கொண்டன. திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே நீதிமன்றத்தின் கீழ்த்தளத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். எர்லீன் நீலப் பட்டு உடை உடுத்தியிருந்தாள். அடையாள அட்டைகள் மடியில் இருந்தன. சின்ன ஊர். கல்யாணக் காகிதமானாலும் குற்றவியல் மனுவானாலும் முத்திரை குத்துவது ஒரே சன்னலில்தான்.

“ஒரு பூவாவது வாங்கியிருக்கலாம்,” என்றாள் எர்லீன்.

“பூ வேணுமா உனக்கு? முப்பத்தோரு வருஷமா தோட்டத்துல பறிச்சது போதாதா?”

“அதெல்லாம் சித்தி மகளுக்குக் குடுத்தது.”

எட்டு இருபதுக்கு லைலின் அலுவலகத்துப் பெண் வாசல் படியேறி வந்தாள். இளவயது, நேர்த்தியான உடை, கையில் தடிமனான பழுப்பு உறை. அவர்களைப் பார்த்து முறுவலித்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, உறையை முழங்காலின் மேல் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். அதன் மேல் வெர்டெலின் பெயர் தெளிவான பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

எட்டரைக்குச் சன்னல் திறந்தது. “அடுத்தது யாரு?”

எர்லீன் வெர்டெலின் கையைப் பிடித்து எழுப்பினாள். “நாங்கதாம்மா முதல்ல வந்தோம்,” என்றாள் அந்தப் பெண்ணிடம்.

“தாராளமா,” என்றாள் அவள், கால்களை ஒதுக்கி வழிவிட்டு. “நிதானமா முடிச்சுக்குங்க. எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல.”